மைதானத்து வாத்தியார் பதில்கள்: கடைசி இடத்தில் ஒரு வருடம்

போன இதழில் ஓமன் பையன்களைப் பற்றி எழுதியிருந்தேன். 2025 நவம்பர் கடைசியில் நம் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துப் புது அரங்கில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி. பாகிஸ்தான் வராமல் போனதால் அந்த இடத்துக்கு வந்த அணி ஓமன். இந்தியா 17, ஓமன் 0. கேலரியில் பத்தாவது கோலுக்குப் பிறகு சிலர் கோல் விழும்போதெல்லாம் சிரித்தார்கள். “சிரிக்காதீர்கள், கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் ஐஸ் ஹாக்கி அணி ஒன்று இதே மாதிரி அடி வாங்கியதை நேரில் பார்த்தவன் நான்” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதங்கள். ஆகவே இந்த முறை முழுக்க ஐஸ்தான்.

எந்த அணி சார் அது? நீங்கள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தீர்கள்?
*திருமங்கலம் வாசகர்*

சான் ஹோசே ஷார்க்ஸ். கலிபோர்னியாவில் என் மகள் இருக்கிற ஊர். 2023 அக்டோபரில் நானும் வீட்டுக்காரம்மாவும் ஆறு மாதம் தங்கப் போனோம். போய் இறங்கிய மறுநாளே பேரன் ஒரு சட்டையை எடுத்துவந்து காட்டினான். நல்ல மயில்கழுத்துப் பச்சை. சுறா ஒன்று மட்டையைக் கடித்து முறிக்கிற படம். “தாத்தா, நாம இந்த வருஷம் தோத்துக்கிட்டே இருப்போம், அதனால அழக் கூடாது” என்றான். ஒன்பது வயது. ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

முதல் 11 ஆட்டத்தில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. நவம்பர் 2, வான்கூவர் அணியிடம் 10-1. ஒரு நாள் விட்டு நவம்பர் 4, சனிக்கிழமை, பிட்ஸ்பர்க் அணியிடம் 10-2. இரண்டும் சொந்த ஊரிலேயே. இந்த இரண்டாவதற்குத்தான் மருமகன் டிக்கெட் எடுத்திருந்தார். உள்ளே குளிரும் என்று சொல்லியிருந்ததால் மப்ளர், குல்லா, உள்ளே ஒரு ஸ்வெட்டர் என்று மார்கழி மாதப் பஜனைக் கோஷ்டி மாதிரி போனேன்.

அந்த அரங்கில் 17,000 பேருக்கு மேல் உட்காரலாம். மேலேயிருந்து ஒரு பெரிய சுறாத் தலையை இறக்குகிறார்கள், அதன் வாய் வழியாக ஆட்டக்காரர்கள் சறுக்கிக்கொண்டு வருகிறார்கள். என்ன ஒரு வருகை! அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்லிவிட்டேனே. இதில் கூடுதல் வேதனை ஒன்று. எதிரணியில் எரிக் கார்ல்சன் என்று ஒரு தடுப்பாட்டக்காரர். முந்தைய சீசனில் இதே சான் ஹோசேவுக்காக 101 புள்ளி (போட்ட கோலும், கோல் போட உதவினதும் சேர்த்து) எடுத்து, இந்த அணிகள் ஆடுகிற என்.எச்.எல். என்ற வட அமெரிக்க லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கியவர். ஆகஸ்டில் அவரை பிட்ஸ்பர்க்குக்குக் கொடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் கழித்து எதிரணிச் சட்டையோடு வந்து நிற்கிறார். அவர் பெயர் எழுதின பழைய பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். கைதட்டுவதா வேண்டாமா என்று கடைசி வரை அவருக்கே தெரியவில்லை.

நான் பார்த்தது கோலியைத்தான், அதாவது கோல்கீப்பரை. பழக்கதோஷம். எட்டாவது கோல் உள்ளே போனதும் அவர் என்ன செய்தார் தெரியுமா? வலைக்கு மேலே ஒரு தண்ணீர் பாட்டில் வைத்திருப்பார்கள். முகமூடியைத் தூக்கி ஒரு வாய் குடித்தார், பாட்டிலை அதே இடத்தில் வைத்தார், மட்டையால் இடது கம்பத்தை ஒரு தட்டு, வலது கம்பத்தை ஒரு தட்டு. திரும்பிப் பார்க்காமலே தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தத் தட்டு. குனிந்து மறுபடி தயாராகிவிட்டார். முதல் கோலுக்கு முன்னால் செய்ததும் அதேதான், வரிசை மாறாமல்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை பிலடெல்பியா அணியை 2-1 என்று ஜெயித்துவிட்டார்கள். தீபாவளிக்கு அஞ்சாறு நாள்தான் இருந்தது. வீட்டுக்காரம்மா அதிரச மாவைத் தட்டிக்கொண்டிருந்தார். பேரன் போட்ட சத்தத்தில் ஓர் அதிரசம் கருகிப்போனது. அதையும் அவனே தின்றான்.

ஐஸ் ஹாக்கிக்கும் நம் ஹாக்கிக்கும் என்ன வித்தியாசம்? எனக்குத் தெரிந்த ஐஸ் எல்லாம் மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றின ஐஸ் பார்தான்.
*செல்லூர் வாசகர்*

பேர் ஒன்றுதான், மற்றபடி தூரத்துச் சொந்தம். பந்துக்குப் பதில் கெட்டியான ரப்பர் வில்லை, பேர் பக். மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலத் தடிமன். துள்ளாமல் இருக்க அதையும் ஃப்ரீசரில் போட்டு உறையவைத்து எடுத்து வருகிறார்கள். கோலியையும் சேர்த்து ஒரு பக்கம் ஆறு பேர். இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதி. நம் பையன்கள் மாதிரி நின்று நிதானித்து ஆடுவதெல்லாம் இல்லை. முக்கால் நிமிடம் உயிரைக் கொடுத்து ஓடுவார்கள், சுவர் தாண்டிக் குதித்து வெளியே வருவார்கள், அடுத்த கூட்டம் உள்ளே குதிக்கும். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே.

அந்த வருடம் ஒரு அணிக்கு 82 ஆட்டம். ஜெயித்தால் 2 புள்ளி, கூடுதல் நேரத்தில் தோற்றால் 1, சாதாரணமாகத் தோற்றால் பூஜ்யம். நான் பார்த்த அந்த சீசனில் ஷார்க்ஸ் ஜெயித்தது 19. மொத்தம் 47 புள்ளி. 32 அணிகளில் 32ஆவது.

அவ்வளவு பெரிய நகரம், அவ்வளவு பணம். அப்புறம் எப்படி சார் இப்படித் தோற்கிறார்கள்?
*வாடிப்பட்டி வாசகர்*

பணம் இங்கே செல்லாது. எல்லா அணிக்கும் சம்பள உச்சவரம்பு ஒன்றே. அந்த வருடம் 83.5 மில்லியன் டாலர். சில விதிவிலக்குகள் தவிர, அதற்கு மேல் ஆட்டக்காரர்களுக்காகச் செலவழிக்க முடியாது. அதனால் ஒரு தப்பான ஒப்பந்தம் போட்டால் அது வருடக்கணக்கில் கழுத்தைப் பிடிக்கும்.

ஷார்க்ஸ் ஒரு காலத்தில் நல்ல அணி. 2016இல் இறுதிப் போட்டி வரை போனார்கள். 2019இல் அரையிறுதி. இன்னும் ஒரே ஒரு படி, கோப்பையை எடுத்துவிடலாம் என்ற ஆசை. அந்த ஆசையில் விதைநெல்லை எடுத்து உலையில் போட்டார்கள். சொன்னேனே அந்த கார்ல்சன், அவரை ஒட்டாவா அணியிடமிருந்து 2018இல் வாங்கும்போது கொடுத்த விலையில் 2020ஆம் வருடத்து முதல் சுற்று இளைஞர் தேர்வும் அடக்கம். புது இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வருடா வருடம் முறைவைத்து எடுக்கிற உரிமை அது; மோசமாக ஆடின அணிக்கு முறை முன்னால் வரும். அது ஏதோ கடைசிப் பக்கத்துத் தேர்வாக இருக்கும் என்று நினைத்தார்கள். அணி சரிந்ததால் அது மூன்றாவது இடமாகிவிட்டது. ஒட்டாவா அதில் டிம் ஷ்டூட்ஸ்லே என்ற ஜெர்மன் பையனை எடுத்துக்கொண்டது. அவன் இப்போது அங்கே பெரிய ஆள். கார்ல்சனுக்கோ எட்டு வருடத்துக்கு 92 மில்லியன் டாலர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். மற்ற மூத்தவர்களுக்கும் இதே மாதிரி நீளமான ஒப்பந்தங்கள். முழங்கால் தேய்ந்துகொண்டே வரும், சம்பளம் தேயாது. 2019க்குப் பிறகு ஏற முடியாமல், 2023இல் “சரி, பிரித்துப் போட்டுவிட்டு அடித்தளத்திலிருந்து கட்டுவோம்” என்று இருந்த நல்லவர்களையும் கைமாற்றிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களைத்தான் நான் பார்த்தேன்.

உலகத்திலேயே மோசமாகத் தோற்ற ஐஸ் ஹாக்கி அணி இதுதானா?
*மேலூர் வாசகர்*

இல்லை. என்.எச்.எல்.லில் அந்தப் பட்டத்தை வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அரை நூற்றாண்டாக வைத்திருக்கிறது. 1974-75, அவர்களுடைய முதல் சீசன். 80 ஆட்டத்தில் 8 வெற்றி, 67 தோல்வி, 5 டிரா. வாங்கின கோல் 446, போட்டது 181. ஒரே வருடத்தில் மூன்று பயிற்சியாளர்கள். அவர்களைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. ஆறு அணி இருந்த லீக்கை 1967லிருந்து விரித்து விரித்துப் பதினெட்டாக்கியிருந்தார்கள். போட்டிக்கு இன்னொரு லீக் வேறு முளைத்திருந்தது. புது அணிக்குக் கிடைத்தது மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கின ஆட்கள். ஊரில் நாலு கல்யாணம் நடக்கிற முகூர்த்த நாளில் ஐந்தாவதாகச் சமையல்காரர் தேடின மாதிரி.

வெளியூரில் தொடர்ந்து 37 ஆட்டம் தோற்றார்கள். 1975 மார்ச் 28 அன்று ஓக்லாண்டில் கலிபோர்னியா அணியை 5-3 என்று ஜெயித்தார்கள். அந்த வருடம் வெளியூரில் ஜெயித்தது அது ஒன்றே ஒன்று. உடை மாற்றும் அறையில் இருந்த குப்பைத் தொட்டியைத் தூக்கி, ஆளாளுக்கு அதில் கையெழுத்துப் போட்டு, அதையே கோப்பையாக வைத்து ஊர்வலம் போனார்கள். ஓக்லாண்ட் என் மகள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம். அந்த வழியாக ஒருமுறை போனபோது நான் மருமகனுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவர் அங்கே பதினைந்து வருடமாக இருக்கிறார், கேள்விப்பட்டதே இல்லையாம்.

அந்த அணியில் எனக்கு நெஞ்சில் நிற்கிறவர் மிஷெல் பெலூமர் என்ற கோலி. 35 ஆட்டத்தில் இறங்கினார். 24 தோல்வி, 3 டிரா, வெற்றி பூஜ்யம். அணி ஜெயித்த எட்டும் இன்னொரு கோலி ரான் லோவின் கணக்கில் போய்விட்டது. இவர் கம்பத்துக்கு நடுவே நின்ற ஒரு நாள்கூட ஜெயிக்கவில்லை.

இதை முதலில் படித்தபோது எனக்கு ஒரு பையன் ஞாபகம் வந்தான். பள்ளியின் பெயர் வேண்டாம், மதுரைக்குள்தான். 1990களின் நடுவில் கோவில்பட்டிக்கு ஒரு போட்டிக்குப் போயிருந்தோம். கோவில்பட்டி எப்பேர்ப்பட்ட ஹாக்கி ஊர் என்று சொல்லத் தேவையில்லை. அங்கே பிள்ளைகள் மட்டையைப் பிடித்துக்கொண்டேதான் நடக்கப் பழகுவார்கள். எங்கள் பள்ளி நிர்வாகம் கோலிக்கு உடுப்பு வாங்கித் தர மூன்று வருடமாக ‘பார்க்கலாம்’ சொல்லிக்கொண்டிருந்தது. பையன் கிரிக்கெட் பேடைக் கட்டிக்கொண்டு, ஒரு பழைய மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்றான். 14-0. வேனில் திரும்பும்போது யாரும் பேசவில்லை. சாத்தூர் தாண்டினதும் அவன் என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“சார், பதினாலு போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். நான் எத்தனை தடுத்தேன்னு எண்ணினீங்களா?”

எண்ணவில்லை. ஐஸ் ஹாக்கியில் அதற்கென்றே ஆள் உட்கார்ந்து எண்ணுகிறார்கள். எத்தனை அடி வந்தது, எத்தனை நின்றது என்று மறுநாள் பேப்பரில் கோல் கணக்குக்குப் பக்கத்திலேயே அதுவும் இருக்கும். எனக்கு அந்த விளையாட்டு பிடித்துப்போனதற்குக் காரணம் இதுதான், சுறாத் தலை இல்லை.

கடைசியாக வருகிற அணிக்குத்தான் முதல் பரிசு என்று என் அண்ணன் சொல்கிறான். உண்மையா ஐயா? அப்படியென்றால் வேண்டுமென்றே தோற்க மாட்டார்களா?
*பழங்காநத்தம், கல்லூரி மாணவி*

உங்கள் அண்ணன் சொன்னதில் முக்கால்வாசி சரி. கால்வாசியில்தான் விஷயம் இருக்கிறது.

இங்கிலாந்துக் கால்பந்தில் கடைசி மூன்று அணி கீழ் லீக்குக்கு இறங்கிவிடும். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் இறக்கம் கிடையாது. அதற்குப் பதில் வருடா வருடம் பதினெட்டு வயது தாண்டின பையன்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும். நம் ஐ.பி.எல். மாதிரி ஏலம் இல்லை, முறை. மோசமாக ஆடின அணிக்கு முன்னுரிமை. பிட்ஸ்பர்க் 1983-84இல் 38 புள்ளியோடு கடைசியில் கிடந்தது. அடுத்து மரியோ லெமியூ வந்தார். 1991, 1992 இரண்டு வருடமும் கோப்பை அவர்களுக்குத்தான்.

இதைப் பார்த்து ஆளாளுக்குக் கடைசிக்கு ஓட ஆரம்பித்தால்? அதனால் 1995லிருந்து சீட்டுக் குலுக்கல். உத்திரமேரூர் குடவோலை மாதிரிதான், ஓலைக்குப் பதில் எண் போட்ட 14 பந்து, அதில் 4 வெளியே வரும். நான் பார்த்த வருடத்து விதிப்படி கடைசி அணிக்கு முதல் தேர்வு கிடைக்கிற வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்று. கொலராடோ 2016-17இல் 48 புள்ளியோடு கடைசியாக வந்தும் குலுக்கலில் நான்காவது இடத்துக்குத் தள்ளப்பட்டது. அழுதுகொண்டே எடுத்த அந்த நான்காவது பையன் கேல் மகார். 2022இல் அவர்கள் கோப்பையை எடுத்தபோது பிளே-ஆஃப் சுற்றுகளின் சிறந்த ஆட்டக்காரர் அவன்தான்.

எனக்குப் பிடிக்காத கதை ஒன்றும் இருக்கிறது. 2015 மார்ச். கானர் மெக்டேவிட் என்ற பையன் அந்த வருடத் தேர்வில் வருகிறான் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. அட்டவணையின் அடியில் இருந்த இரண்டு அணிகள், பஃபலோவும் அரிசோனாவும், பஃபலோவில் மோதின. கூடுதல் நேரத்தில் அரிசோனா கோல் போட்டது. பஃபலோ ரசிகர்கள், சொந்த ஊர்க்காரர்கள், எழுந்து ஆரவாரம் செய்தார்கள். தோற்றோம், கடைசி இடம் கெட்டியானது என்று. ஐஸ் மேலே நின்ற பஃபலோ பையன்களுக்கு எப்படி இருந்திருக்கும்? பிறகு பத்திரிகைக்காரர்களிடம் மனம் நொந்து பேசினார்கள். கடைசியில் குலுக்கலில் மெக்டேவிட் எட்மன்டனுக்குப் போனான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தோற்பதா என்று முடிவெடுப்பது மாடி அறையில் இருக்கிறவர்கள். நல்ல ஆட்டக்காரனை விற்பார்கள், அனுபவமில்லாதவனை இறக்குவார்கள். அது வேண்டுமென்றேதான், மறைக்கவும் மாட்டார்கள், அதற்கு ‘மறுகட்டமைப்பு’ என்று கௌரவமான பெயர். ஆனால் கீழே ஐஸில் நிற்கிறவன் தோற்க ஆட மாட்டான், ஆடவும் முடியாது. யோசித்துப் பாருங்கள், அவனுக்கு ஒரு வருட ஒப்பந்தம். சரியாக ஆடவில்லையென்றால் கீழ் லீக்குக்கு அனுப்பிவிடுவார்கள். கடைசி இடத்தால் வரப்போகிற ராஜகுமாரன் உட்காரப்போவது இவர்களில் ஒருவனுடைய நாற்காலியில். தன் இடத்தைப் பறிக்க வருகிறவனுக்காக எவனாவது தோற்பானா?

பயிற்சியாளர் பாடு அதைவிட. டேவிட் க்வின் என்பவர்தான் அந்த வருடம் ஷார்க்ஸ் பயிற்சியாளர். கையில் நல்ல சரக்கே கொடுக்காமல் சமைக்கச் சொல்லிவிட்டு, சீசன் முடிந்ததும் ருசியில்லை என்று அவரை அனுப்பிவிட்டார்கள். 31 வருடம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் என்ற முறையில் இதில் எனக்கு நடுநிலை கிடையாது.

குலுக்கல் 2024 மே மாதம். நாங்கள் அப்போது மதுரை திரும்பிவிட்டோம். விடிகாலை, பால்காரர்கூட வரவில்லை, வாட்ஸாப்பில் பேரன். “தாத்தா, ஜெயிச்சிட்டோம்!” எந்த ஆட்டம்டா என்று கேட்டேன். ஆட்டம் இல்லை, பந்து குலுக்கினதில் முதலிடம். மேக்லின் செலப்ரினி என்ற கனடாப் பையனை எடுத்தார்கள். முதல் சீசனிலேயே 70 ஆட்டத்தில் 63 புள்ளி எடுத்துவிட்டான். அணி மறுபடியும் கடைசிதான், அது வேறு விஷயம்.

காசு கொடுத்துத் தோற்பதைப் பார்க்கப் போகிறார்களே, அங்கே சனங்களுக்கு வேறு வேலை இல்லையா?
*உசிலம்பட்டி, இல்லத்தரசி*

இதே கேள்வியை வீட்டுக்காரம்மாவும் கேட்டார். நீங்கள் இருவரும் பேசிக்கொள்வது நல்லது. ஒரு தகவல் மட்டும் சொல்கிறேன்: தோற்கிற வருடத்தில் எதிரணி நட்சத்திரங்களைப் பார்க்கவும் ஆள் வருகிறார்கள்.

இலங்கையில், தமிழ்நாட்டில், நம் தெருவில் எவ்வளவோ பிரச்சினை. நமக்கெதற்கு ஐஸ் ஹாக்கி?
*பெயர் வேண்டாம், அண்ணா நகர்*

உண்மைதான். ஆனால் கடிதம் எழுதியது நீங்கள். ‘நமக்கெதற்கு’ என்பதற்கு மட்டும்: லடாக்கில் குளிர்காலத்தில் உறைந்த குளத்தில் ஆடிப் பழகின பெண்கள்தான் நம் இந்திய அணியில் பெரும்பாலும். 2025இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார்கள். நமக்குத்தான்.

போன வருடம் ஒரு பதிலில் உங்கள் பள்ளி அணி நாலு வருடம் தொடர்ந்து தோற்றது என்று எழுதினீர்கள். கடைசிவரை ஜெயிக்கவே இல்லையா சார்?
*ஆரப்பாளையம் வாசகர்*

ஜெயித்தோம். எதிரணி வரவில்லை.

விருதுநகர்ப் பக்கமிருந்து வரவேண்டிய பையன்கள். வேன் வழியில் நின்றுவிட்டது. நடுவர் கால் மணி நேரம் காத்திருந்து, கடிகாரத்தைப் பார்த்து, தாளில் எங்கள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பஸ் பிடிக்கப் போய்விட்டார். நாலு வருடத்தில் முதல் வெற்றி. எங்கள் பையன்களுக்குச் சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. ஒருவன் தண்ணீர் டிரம்மைத் தட்டிப் பார்த்தான், சத்தம் எடுபடவில்லை.

வீட்டுக்குப் போகலாமடா என்றேன். யாரும் நகரவில்லை. சட்டையைக் கழற்றினவர்கள் ஒரு பக்கம், கழற்றாதவர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்துகொண்டு அவர்களே ஆட ஆரம்பித்தார்கள். பந்து கண்ணுக்குத் தெரியாமல் இருட்டும்வரை ஆடினார்கள். நான் ஒரு பக்கக் கோல் கம்பத்துக்குப் பின்னால் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தேன். கிரிக்கெட் பேடோடு அவன் முன்னால் நின்றான். மூன்று உள்ளே போனது. அன்றைக்குத் தடுத்ததை எண்ணினேன். 11.